உப்பிட்ட மலை

(பழைய முகாம் மாணவர்களின் கூடலில், பண்ணைக்காட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமையேற்றுள்ள ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இந்த மண்டபத்தை எங்களுக்குக் கட்டணமின்றித் தந்ததோடு, காலை முதல் சமையற்கட்டிலும் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்ப் பெரியவர் அவர்களே, கோடை விழாக் கால நெருக்கடிக்கு இடையிலும் கொடைக்கானலிலிருந்து இறங்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வனத்துறை அலுவலர் பெருமக்களே, திண்டுக்கல்லிலிருந்து வந்துள்ள கல்வித்துறை அலுவலர் அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி அன்பு மிகுதியால் பல நல்ல சொற்களைச் சொன்ன தம்பி அவர்களே, தாய்மார்களே, என் பழைய மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கல்வித்துறை அம்மையார் அவர்களுக்கு மட்டும் இரண்டாம் முறையும் வணக்கம் சொல்லிக்கொள்கிறேன். இந்த உரையின் முடிவில் அவர்களிடம் வைப்பதற்கு ஒரு கோரிக்கை இருக்கிறது.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். கோடை முகாமில் பிறக்கும் நட்பு ஏன் நெடுநாள் நிற்கிறது என்பது முதலாவது. அந்த நட்பு நம் நாட்டுக்கு என்ன செய்ய முடியும் என்பது இரண்டாவது. ஊருக்குத் திரும்பிய பின் அதை எப்படிப் பேணுவது என்பது மூன்றாவது.

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்ற பழமொழியை நான் எந்த மேடையிலும் விட்டதில்லை, இங்கேயும் விடப்போவதில்லை. சோறு போட்டவரை நினை என்று நம் முன்னோர் சொல்லியிருக்கலாம். அவர்கள் உப்பைச் சொன்னார்கள். அந்தச் சொல்லின் முழு வலிமையை 2006-ஆம் ஆண்டு மே மாதம், பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் இடையில் நாங்கள் போட்டிருந்த சாரணர் முகாமில்தான் நான் கண்ணால் கண்டேன்.

பல மாவட்டங்களிலிருந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் தூத்துக்குடிப் பையன். தாயும் தந்தையும் உப்பளத் தொழிலாளர்கள். மலைக்குளிர் எப்படிப்பட்டது என்று வீட்டில் யாருக்கும் தெரியாததால், மெல்லிய சட்டைகள் இரண்டும் ஒரு போர்வையும் மட்டும் வைத்திருந்த தகரப்பெட்டியோடு வந்து இறங்கிவிட்டான். முதல் நாள் அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இரவில் அவன் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும் ஓசையைக் கேட்டு, அதே கூடாரத்தில் படுத்திருந்த பூம்பாறைப் பையன் தன் கம்பளியின் பாதியை இழுத்து அவன் மேல் போட்டான். பொதினி என்று சங்ககாலத்தில் வழங்கிய இதே பழனி மலைச் சீமையில், மயிலுக்குக் குளிருமென்று தன் போர்வையைக் கொடுத்தவன் ஆவியர் குடியில் வந்த பேகன். அவன் ஆண்ட மலையில் பிறந்த பிள்ளை வேறு எப்படி நடந்துகொள்வான்?

இரண்டாம் நாள் இரவு கோடை மழை கொட்டித் தீர்த்தது. சாமான் கூடாரத்தின் தார்ப்பாய் காற்றில் கிழிந்துவிட்டது. அரிசியையும் பருப்பையும் பிள்ளைகள் எழுந்து ஓடிக் காப்பாற்றினார்கள். ஓரமாக வைத்திருந்த உப்பு மூட்டை விடிவதற்குள் கரைந்து, வெறும் கோணி மிஞ்சியது. சாலையில் மரம் விழுந்துவிட்டதால் ஜீப்பும் போகாது. அன்று காலை சமையல் முறை இவர்கள் இருவரும் இருந்த அணிக்கு. அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருக்கிறது, தட்டேந்தி வரிசையில் பிள்ளைகள் நிற்கிறார்கள், உப்பில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்த அணித்தலைவனின் முகம் போன போக்கைப் பார்த்தே வரிசையில் பாதிப்பேர் பின்வாங்கிவிட்டார்கள்.

அப்போதுதான் அந்தத் தூத்துக்குடிப் பையன் யாரிடமும் சொல்லாமல் கூடாரத்துக்குள் போனான். திரும்பி வந்தபோது அவன் கையில் பழைய சேலைத்துணியில் கட்டிய ஒரு மூட்டை இருந்தது. அவிழ்த்தால், வெள்ளை வெளேரென்று கல்லுப்பு! மலையில் அட்டைப்பூச்சி கடிக்கும், உப்பு வைத்தால் விழுந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்தத் தாய் மகனுக்குக் கம்பளி கொடுக்க வழியில்லாவிட்டாலும் ஒரு படி உப்பைக் கட்டிக் கொடுத்திருக்கிறார். "ஏலேய், இந்த மலையில இருக்குற அத்தனை அட்டைக்கும் சேர்த்துக் கொண்டாந்துட்டியா?" என்று பூம்பாறைப் பையன் கேட்க, முகாமே சிரித்தது, அந்தப் பையனும் முதன்முறையாகச் சிரித்தான். "எங்கம்மா வாருன உப்பு சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தன் கையாலேயே அண்டாவில் இட்டான். பூம்பாறைப் பையன் சும்மா இருக்கவில்லை. விழுந்த மரத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்தே போய், அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டிருந்த மலைப்பூண்டை மடி நிறையக் கொண்டுவந்தான். அன்று மதியம் துவையல் ஆயிற்று. அந்தப் பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றதை இங்குள்ளோர் அறிவீர்கள். எனக்கு அதன் பெருமை அந்த மதியமே தெரிந்துவிட்டது.

அன்றிரவு முகாம் தீயைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது உப்பு எப்படி விளைகிறது என்று கேட்டார்கள். பாத்தி கட்டி உவர்நீர் பாய்ச்சுவது, வெயிலில் அது வற்றுவது, வெறுங்காலோடு நின்று வாருவது, கால் வெடிப்பது, வெண்மையின் கூச்சத்தில் தாயின் கண் பழுதாகி வருவது என்று அவன் சொல்லச் சொல்ல, ஒரு பிள்ளையும் அசையவில்லை. முதல் நாள் வாய் திறக்காதவன், அன்றைக்கு அந்த முகாமின் ஆசிரியனாக இருந்தான்.

அந்த ஆண்டு குறிஞ்சி பூக்கும் ஆண்டு. மே மாதத்தில் செடி மட்டும் நிற்கும். பூவைக் காணப் பள்ளி திறந்த பின் வர வேண்டும். அடுத்த பூப்பு 2018-இல்தான் என்று நான் சொன்னதும், அந்த அணி முழுவதும் "2018-இல் இங்கேயே சந்திப்போம்" என்று கைகோத்துச் சொல்லிக்கொண்டது. பிள்ளைகளின் வாக்கு என்று நாம் எண்ணுவோம். அவர்கள் 2018-இல் வந்தார்கள். இடையில் என்னென்ன நடந்திருந்தன! கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாமல் தூத்துக்குடிப் பையன் படிப்பை நிறுத்தவிருந்த ஆண்டில், பூண்டு விற்ற பணத்திலிருந்து எடுத்து அனுப்பியவர் பூம்பாறைத் தோழனின் தந்தை. அவரே பின்னொரு நாள் மதுரையில் மருத்துவமனையில் கிடந்தபோது, ரத்தம் கொடுத்து, இரவெல்லாம் வராந்தாவில் படுத்திருந்தவன் அந்த உப்பளத்துப் பிள்ளை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. இருவரும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கூச்சப்படுவார்கள் என்பதால் பெயர் சொல்லவில்லை. 2030-க்கு இப்போதே நாள் குறித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இது மலைக்காற்றின் மகிமை என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி விட்டுவிட மாட்டேன். கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் என்னும் பேராசிரியர் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது. அதுவும் பாடவேளையாகவோ பணிநேரமாகவோ கழியாமல், மனம் விட்டுப் பழகும் நேரமாக இருந்தால் நல்லது. பள்ளியில் இடைவேளையும் உணவு நேரமும் சேர்ந்து நாளுக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. பத்து நாள் முகாமில் விழித்திருக்கும் நேரம் மட்டுமே 160 மணி. ஒரு கல்வியாண்டின் பெரும்பகுதியில் கிடைக்கும் பழக்கம் பத்தே நாளில் கிடைத்துவிடுகிறது.

ஆனால் நேரம் மட்டும் போதாது என்பதையும் ஒரு கோடை முகாம்தான் உலகுக்குக் காட்டியது. 1954-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ராபர்ஸ் கேவ் என்ற வனப்பூங்காவில், முசாஃபர் ஷெரீப் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 22 சிறுவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து முகாமிட வைத்தார்கள். பரிசுப் போட்டிகள் தொடங்கியதும் இரண்டு அணிகளும் பகையாயின. கொடியை எரித்தார்கள், குடில்களில் புகுந்து சூறையாடினார்கள். ஒரே உணவுக்கூடத்தில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் சோற்றை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் எறிந்ததுதான் மிச்சம். பின்பு தண்ணீர்த் தொட்டியிலிருந்து வரும் நீர் நின்றது. உணவு வாங்கப் போகும் லாரி கிளம்ப மறுத்தது. இரண்டு அணிகளும் சேர்ந்து குழாயைத் தேடி, சேர்ந்து கயிறு கட்டி லாரியை இழுத்த பின்புதான் பகை கரைந்தது. திரும்பும்போது ஒரே பேருந்தில் போனார்கள்.

அன்புடையீர், இதை நான் மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஒரே பந்தியில் உட்கார வைப்பது முதற்படி. அதற்கே நம் நாட்டில் எவ்வளவு போராட வேண்டியிருந்தது! சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவிட்டதை எதிர்த்து 1920-களில் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டது. 1956-இல் காமராசர் மதிய உணவை மாநிலம் எங்கும் கொண்டுசென்றார். இன்று அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒரே பந்தியில் உண்கிறார்கள். ஆயினும் அதே பள்ளிகள் சிலவற்றில் பிள்ளைகளின் மணிக்கட்டில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன், உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லியிருக்கிறது. தடை வேண்டியதுதான். கயிற்றை அறுத்த கைக்கு வேறொன்றைப் பற்றிக்கொள்ளக் கொடுக்க வேண்டாமா? பரிமாறப்பட்ட சோற்றைப் பக்கத்தில் உட்கார்ந்து தின்பது போதவில்லை. ஒருவன் அண்டாவில் இன்னொருவன் உப்பிட வேண்டும். விறகு ஒருவன் பிளக்க, நீர் ஒருவன் சுமக்க, வெந்ததை எல்லோரும் உண்ண வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றால், உப்பிடும் வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும் என்பதும் அதற்குள் அடக்கம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலும் செல்வர் பள்ளிப் பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே அணியில்தான் கலந்திருந்தார்கள். இன்று நம் மலைகளில் நடக்கும் கோடை முகாம்களில் பெரும்பாலானவை பணம் கட்டுபவருக்கு மட்டுமே திறக்கின்றன. ஒரே வகைப் பள்ளி, ஒரே வகை வீடு. அங்கும் நட்பு பிறக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் உப்பளத்துத் தாயின் மகன் அந்த வாசலில் நுழைய முடியாது. இந்த மலையிலேயே பிறந்த பளியர் குடிப் பிள்ளைகளும் நுழைய முடியாது.

ஆகவேதான், கல்வித்துறை அம்மையார் அவர்களே, எங்கள் கோரிக்கை. 2023 மே மாதம் அரசுப் பள்ளி மாணவர்களை உதகைக்கு அழைத்துச் சென்று பள்ளிக்கல்வித் துறை கோடை முகாம் நடத்தியது. அதை மனமாரப் பாராட்டுகிறேன். அதுபோன்ற முகாம் ஆண்டுதோறும் பழனி மலையிலும் நடக்க வேண்டும். பத்து நாளாவது நீள வேண்டும். தேர்ந்தெடுத்த கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று இருக்கக் கூடாது. எட்டுப் பேர் கொண்ட ஒவ்வோர் அணியிலும் கடற்கரை, சமவெளி, மலை மூன்றும் இருக்க வேண்டும். அணியை ஆசிரியர் கலக்க வேண்டும், பிள்ளைகளே பிரிந்துகொள்ள விடக் கூடாது. ஒப்பந்தச் சமையல் வேண்டவே வேண்டாம். அணிகளே முறைவைத்துச் சமைக்கட்டும், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும். ஒரு நாள் சோறு குழைந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

இதற்கென்று மலையில் புதிதாக ஒரு செங்கல்லும் வைக்க வேண்டியதில்லை. வனத்துறைப் பெருமக்கள் இதற்கு மகிழ்வார்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி வண்டிகளுக்கு இ-பாஸ் வைக்கும் அளவுக்கு இந்த மலை மூச்சுத் திணறுகிறது. மே விடுமுறையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் விடுதிகள் காலியாகவே இருக்கின்றன. அவற்றின் மைதானங்களில் கூடாரம் அடித்தால் போதும். பகலில், வெளிநாட்டிலிருந்து வந்து நம் சோலைக்காட்டில் பரவியிருக்கும் சீகை (வாட்டில்) மரக்கன்றுகளைப் பிடுங்கும் வேலையை வனத்துறை தரட்டும். அதைவிட நல்ல பொது வேலை வேறில்லை. 1899-இல் நிறுவிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கும் ஒரு நாள் அழைத்துப் போகலாம்.

மூன்றாவது செய்தியாகச் சொல்ல நினைத்ததைத் தலைவர் ஐயா மணியைப் பார்ப்பதால் விட்டுவிடுகிறேன். கடிதம் எழுதுங்கள், திருமணத்துக்குப் போங்கள், துக்கத்துக்குக் கட்டாயம் போங்கள் என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.

கோரிக்கை மனுவின் படிகள் வாசலருகே மேசையில் உள்ளன. முகாமுக்கு வந்தவர்கள் எந்த ஆண்டு, எந்த இடம் என்று பெயருக்குப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பெற்றோர்களும் இடலாம். உங்கள் ஊர் அரசுப் பள்ளியில் சாரணர் அணி இருக்கிறதா, அதை நடத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா என்பதையும் கடைசிக் கட்டத்தில் குறிப்பிடுங்கள். அந்தப் பட்டியல் இல்லாமல் சென்னைக்குப் போவதில் பயனில்லை. சாப்பாடு தயாராக இருக்கிறது. பரிமாற ஆள் போதவில்லை என்று ஊர்ப் பெரியவர் சொல்லியனுப்பியிருக்கிறார். பழைய அணித்தலைவர்கள் எழுந்து போய் வாளியைத் தூக்குங்கள்.

நன்றி, வணக்கம்.