கனடிய அனுபவம் கேட்கக் கூடாதாம், போஸ்டல் கோட் கேட்கலாமாம்!

வணக்கம் மக்களே! ரெஸ்யூமே புலம்பலுக்குக் கொஞ்ச நாள் லீவு என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். அந்த லீவு கேன்சல். செம கடுப்பில் இருக்கிறேன்.

2026 ஜனவரி 1 முதல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வேலை விளம்பரத்திலோ விண்ணப்பப் படிவத்திலோ ‘கனடிய அனுபவம்’, அதாவது கனடாவிலேயே ஏற்கெனவே வேலை பார்த்த அனுபவம், கேட்கக் கூடாது. சட்டமே வந்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்தாலே எனக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வரும் என்று உங்களுக்குத் தெரியும். வேலை கொடுத்தால்தானே அய்யா அனுபவம் வரும்? இது பாகுபாடு என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2013-லேயே சொல்லியாகிவிட்டது.

சரி, இனிமேல் நமக்கு நல்ல காலம்தான் என்று ஒரு அக்கவுண்டன்ட் வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். விளம்பரத்தில் அந்த வார்த்தையே இல்லை. சம்பளம் எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை என்றுகூடப் போட்டிருந்தார்கள். அதுவும் இப்போது கட்டாயம். அப்புறம் வந்தது ‘முந்தைய வேலை’ பக்கம். கோயம்புத்தூர் கம்பெனியின் பின்கோடை அடித்தால் சிவப்பு எழுத்தில் ‘தவறு’. நடுவில் இடைவெளி விட்டு அடித்தேன், தவறு. காலியாக விட்டேன், நிரப்பியே ஆக வேண்டுமாம். இந்த ஊரில் எழுத்து, எண், எழுத்து என்று மாறி மாறி வருமே, அது மட்டும்தான் உள்ளே போகும். நாட்டை மாற்றலாமென்றால் பட்டியலில் கனடா ஒன்றே ஒன்று! அனுபவத்தை யாரும் கேட்கவில்லைதான். ஆனால் கனடாவுக்கு வெளியே மனிதர்கள் வேலை பார்ப்பார்கள் என்பதே அந்தப் படிவத்துக்குத் தெரியாது.

கடைசியில் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் நான் இருக்கும் வீட்டின் போஸ்டல் கோடையே போட்டேன். பச்சை டிக்! இப்போது என் கோயம்புத்தூர் மேனேஜர் என் பேஸ்மென்ட்டில்தான் ஆபீஸ் நடத்துகிறார். ஸ்க்ரீன்ஷாட் இதோ, நன்றாகப் பாருங்கள்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். குறைந்தது 25 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் இந்தச் சட்டம். சின்னக் கம்பெனிக்காரர்களை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

இன்னொன்று, ‘ஹாபி சேருங்கள், மொழித்திறனை எழுதுங்கள்’ என்று காசு வாங்கிக்கொண்டு கோச்சிங் கொடுப்பவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. டொராண்டோ வேலை விளம்பரங்களுக்கு ஆயிரக்கணக்கான போலி ரெஸ்யூமேக்களை அனுப்பி ஃபிலிப் ஒரியோபுலோஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் சோதித்தார். ஆய்வு 2011-ல் வந்தது. இந்திய, சீனப் பெயர் என்றாலே ஆங்கிலப் பெயரைவிட இன்டர்வியூ அழைப்பு குறைந்தது. மொழித்திறனை எழுதியும் அந்த இடைவெளி குறையவில்லை.

விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. யாழ்ப்பாணத்து மக்களே, உங்கள் ஐந்து இலக்கக் கோடை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியில் என்னதான் அடித்தீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள்.