குறட்டைக்குத் தாடையும் ஒரு காரணம்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

பல்லுக்குக் கிளிப் போடுகிற டாக்டர் வானொலியில் வந்து குறட்டையைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். குறட்டைச் சத்தம் எங்கிருந்து எழுகிறது என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. அதனால் அது லேசில் ஒட்டிக்கொள்ளாது. அதற்கு மேலே, மூக்கின் பின்புறத்திலிருந்து குரல்வளை வரைக்கும் உள்ள தொண்டைப் பகுதிக்கு அந்த வசதி கிடையாது. தசையும் சவ்வும்தான் அதன் சுவர். விழித்திருக்கும்போது தசைகள் விறைப்பாக நின்று வழியைத் திறந்து வைத்திருக்கும். தூங்கிவிட்டால் அவையும் தளர்ந்துவிடும். பிளாஸ்டிக் குழலுக்குத் தடை வந்த பிறகு இளநீர்க் கடையில் காகிதக் குழல் கொடுக்கிறார்கள் அல்லவா? அது ஊறிப்போன பின் வேகமாக உறிஞ்சினால் நடுவில் ஒட்டிக்கொள்ளும். தூக்கத்தில் நம் தொண்டைக்கு நடப்பதும் அதுதான். வழி குறுகியதும் காற்று வேகமெடுக்கும். வாயின் மேற்கூரையை அண்ணம் என்போம். அதன் பின்பகுதியான மெல்லண்ணமும் உள்நாக்கும் அந்தக் காற்றில் அதிரும். அந்த அதிர்வைத்தான் குறட்டை என்கிறோம். வழி முழுக்க அடைத்துக்கொண்டால் சத்தம் நின்றுவிடும். கூடவே மூச்சும் நின்றுவிடும்.

இப்போது தாடைக்கு வருவோம். நாக்கின் பெரிய தசை கீழ்த்தாடையின் உள்பக்கம், முகவாய்க்கு நேர் பின்னால், எலும்போடு ஒட்டியிருக்கிறது. தாடை எங்கே நிற்கிறதோ அதை ஒட்டித்தான் நாக்கும் நிற்கும். தாடை குட்டையாகவோ உள்வாங்கியோ இருப்பவர்களுக்கு நாக்கின் அடிப்பகுதி தொண்டைச் சுவருக்கு மிக அருகில் போய்விடுகிறது. அவர்கள் மல்லாந்து படுத்தால் கேட்கவே வேண்டாம். மேல்தாடையும் சும்மா இல்லை. அண்ணம் குறுகலாக, மேல்நோக்கிக் கூம்பியிருந்தால் நாக்குக்கு வாயில் இடம் போதாது. அதோடு, அண்ணத்தின் மேல்பக்கம்தான் மூக்குக்குத் தரை. அண்ணம் குறுகினால் மூக்கின் வழியும் குறுகும்.

எடை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. கழுத்தைச் சுற்றிலும் நாக்குக்குள்ளேயும்கூடக் கொழுப்பு சேர்கிறது. கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதை ஓர் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்கிறோம். எடை குறைந்தால் பலருக்குக் குறட்டையும் குறையும். ஆனால் ஆசிய நாட்டவரிடம் ஒரு விஷயம் பார்க்கப்பட்டிருக்கிறது. அதிகப் பருமன் இல்லாதவர்களுக்கும் இங்கே தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு வருகிறது. முக எலும்பின் அமைப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒல்லியாக இருப்பவர் குறட்டை விட்டால் 'அசதியில் தூங்குகிறார்' என்று விட்டுவிடுகிறோமே, அதுதான் என் கவலை.

அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை செய்யும் ஒருவர், நாற்பது வயது இருக்கும், மனைவியோடு வந்தார். பார்த்தால் குச்சி மாதிரி உடம்பு. மனைவிதான் பேசினார். "டாக்டர், இவர் ராத்திரி சோறே விட்டுட்டாருங்க. இடுப்பு பெல்ட்ல புதுசா ஓட்டை போட்டாச்சு. சத்தம் மட்டும் குறையல." ஃபோனில் பதிவு செய்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினார். நாலைந்து குறட்டை, படிப்படியாக ஏறுகிறது. அப்புறம் ஒன்றுமே இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று மூச்சுத் திணறி, பெரிய உறுமலோடு மறுபடி தொடங்குகிறது. இடையில் வந்த அந்த மௌனத்தைத்தான் நான் கவனித்தேன். மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் மருத்துவத்தில் அதைக் கணக்கில் எடுப்போம்.

அவரைப் பக்கவாட்டில் உட்காரவைத்துப் பார்த்தேன். முகவாய் நன்றாக உள்வாங்கியிருந்தது. மேல்பற்கள் முன்னால் துருத்தி நின்றன. நாக்கை நீட்டச் சொன்னேன். நாக்கின் இரு ஓரங்களிலும் பல்தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. நாக்குக்கு வாயில் இடம் பற்றாதவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம்.

இதில் ஒன்றை நீங்களும் வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி முன் உட்கார்ந்து, வாயை அகலத் திறந்து, சத்தம் எழுப்பாமல் நாக்கை முழுக்க நீட்டுங்கள். உள்நாக்கு முழுதாகத் தெரிகிறதா, நுனி மறைகிறதா, அடியோடு தெரியவில்லையா? எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ அவ்வளவு இடநெருக்கடி இருக்கலாம். இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மயக்கவியல் மருத்துவர் சேஷகிரி ராவ் மல்லம்பாட்டி, அறுவை சிகிச்சைக்கு முன் தொண்டையில் குழாய் செலுத்துவது கடினமாக இருக்குமா என்று கணிக்க 1985-ல் வகுத்த முறை இது. இன்று குறட்டை நோயாளிகளிடமும் இதைப் பார்க்கிறோம். இன்னொன்று: வாயை மூடிக்கொண்டு பொய்யாகக் குறட்டை விட்டுப் பாருங்கள். பிறகு கீழ்த்தாடையை முன்னால் தள்ளிக்கொண்டு அதே சத்தத்தைக் கொண்டுவரப் பாருங்கள். பலருக்கு அது எளிதில் வராது. தாடை நகர்ந்தால் வழி திறக்கிறது என்பதற்கு அது ஒரு குறிப்பு. குறிப்பு மட்டும்தான், இதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது.

அம்பத்தூர்க்காரரை முதலில் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினேன். "தாடைதான் காரணம்னு நீங்களே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு டாக்டர் டெஸ்ட்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். குறட்டை மட்டும் இருப்பவருக்கும் மூச்சு நின்று நின்று வருபவருக்கும் வைத்தியம் ஒன்றல்ல. சத்தத்தை வைத்து இரண்டையும் பிரித்துவிட முடியாது. எக்ஸ்ரேயை வைத்தும் முடியாது. பக்கவாட்டு எக்ஸ்ரேயும் ஸ்கேனும் விழித்திருக்கும்போது எடுப்பவை. தூங்கும்போது தொண்டை என்ன செய்கிறது என்று அவை காட்டாது. 'ஸ்கேனில் வழி குறுகலாகத் தெரிகிறது, அதனால் உங்களுக்கு மூச்சு நிற்கும் நோய்' என்று யாராவது சொன்னால் தயவுசெய்து இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

பரிசோதனையில் இரவு முழுக்க மூச்சோட்டம், மார்பசைவு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்வார்கள். ஆய்வகத்திலேயே படுத்துச் செய்யும் முழுப் பரிசோதனையில் மூளை அலைகளும் சேரும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று கணக்கிடுவார்கள். 5-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது. கடுமையானவர்களுக்கு முதல் வைத்தியம் சி-பாப் கருவிதான். 1981-ல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்தியது. மூக்கில் மாட்டிய முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். ஒழுங்காக மாட்டிக்கொண்டால் அதைப் போலப் பலன் தருவது வேறில்லை. பல் மருத்துவராக இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

அந்த நண்பருக்குப் பரிசோதனையில் நடுத்தரம் என்று வந்தது. சி-பாப் கொடுத்தார்கள், முகமூடி மாட்டினால் தூக்கமே வரவில்லை என்று சில வாரத்தில் கழற்றி வைத்துவிட்டார். இப்படிப்பட்டவர்களுக்கும், மூச்சு நிற்காமல் குறட்டை மட்டும் விடுபவர்களுக்கும்தான் தாடையை முன்நகர்த்தும் கருவி. மேல்பற்களுக்கு ஒன்று, கீழ்ப்பற்களுக்கு ஒன்று என இரண்டு தகடுகள்; இரண்டையும் பக்கவாட்டில் சிறு திருகுகள் இணைக்கும். இரவில் மாட்டினால் கீழ்த்தாடை சில மில்லிமீட்டர் முன்னால் வந்து நிற்கும். நாக்கும் கூடவே வரும். இந்த யோசனை பழையது. கீழ்த்தாடை சிறுத்துப் பிறந்த குழந்தைகளுக்கு நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைப்பதைப் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பியர் ரோபின் 1923-லேயே எழுதியிருக்கிறார்.

முதல் நாளே முழுக்க முன்னால் இழுத்து வைப்பதில்லை. ஒருவர் தன் தாடையை எவ்வளவு தூரம் முன்னால் தள்ள முடியுமோ, ஏறத்தாழ அதில் பாதியில் தொடங்குவோம். பிறகு சிறு சாவியால் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வாரக்கணக்கில் நகர்த்துவோம். குறட்டை எப்போது குறைகிறது, தாடை மூட்டு எப்போது வலிக்கிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வோம். அவருக்கு முதலில் எச்சில் அதிகம் ஊறியது. காலையில் எழுந்தால் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று கூடவில்லை என்றார். டிபன் சாப்பிட்டு முடிப்பதற்குள் சரியாகிவிடும் என்றும் சொன்னார். அது எதிர்பார்த்ததுதான். அதற்குக் காலையில் கடித்துக்கொள்ள ஒரு சிறு தகடும் பயிற்சியும் கொடுத்தோம். பிறகு கருவியை மாட்டிக்கொண்டே மறுபடி தூக்கப் பரிசோதனை செய்தோம். எண்ணிக்கை நன்றாகக் குறைந்திருந்தது. இந்த மறுபரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சத்தம் அடங்கியும் மூச்சு நிற்பது தொடரக்கூடும். வீட்டார் நிம்மதியாகத் தூங்குவதை வைத்து நோய் போய்விட்டது என்று எண்ணக் கூடாது.

வருடக்கணக்கில் போட்டால் பற்களின் கடி சற்று மாறும். மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைவிட முன்னால் நிற்கும் தூரம் குறையும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் கருவி செய்ய வேண்டும். ஈறு நோயால் பல் ஆடுபவர்களுக்கும் போதிய பற்கள் இல்லாதவர்களுக்கும் இது சரிப்படாது. தகடு பிடித்து நிற்கப் பல் வேண்டுமே. இணையத்தில் விற்கிறார்கள், வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமைத்துக்கொள்ளும் ரகம். அதை வாங்காதீர்கள் என்றே சொல்வேன். உங்கள் பல்லுக்கு அளவெடுத்ததும் அல்ல, நகர்த்தும் தூரத்தை நுணுக்கமாக மாற்றவும் முடியாது; ஆடுகிற பல்லுக்கு அது ஆபத்து.

சரி, கிளிப் போட்டால் குறட்டை போகுமா? வாரந்தோறும் யாராவது கேட்கிறார்கள். பெரியவர்களுக்குக் கிளிப் பல்லைத்தான் நகர்த்தும், தாடை எலும்பை நீட்டாது. கிளிப்பால் மட்டும் குறட்டை தீரும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. எலும்பையே மாற்ற வேண்டுமானால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று அண்ணத்தை அகலப்படுத்துவது. அண்ணத்தின் நடுவே இரண்டு எலும்புகள் சேரும் கோடு ஒன்று உண்டு. வளர்கிற வயதில் அது இளகியிருக்கும். வயது ஏற ஏற இறுகிவிடும். அதனால் பெரியவர்களுக்குச் சிறு திருகுகளை அண்ணத்து எலும்பிலேயே பொருத்தி விரிக்கிறோம், அல்லது அறுவை சிகிச்சையின் துணையோடு செய்கிறோம். எலும்பு பிரிந்தால் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி விழும். அதைப் பார்த்துப் பயந்துபோய் ஃபோன் செய்பவர்கள் உண்டு. அது நல்ல அறிகுறி; பின்னர் மூடிவிடலாம். அண்ணம் உண்மையிலேயே குறுகியவருக்கு இதனால் மூக்கு வழி எளிதாகும். குறட்டை கட்டாயம் தீரும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, மேல், கீழ் இரண்டு தாடைகளையும் அறுவை சிகிச்சையால் சுமார் ஒரு சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவருவது. கடுமையான மூச்சடைப்பு உள்ளவர்களில் தேர்ந்தெடுத்துச் செய்தால் பலன் மிக அதிகம். பெரிய சிகிச்சை அது. பொதுவாக அதற்கு முன்னும் பின்னும் கிளிப் வேண்டியிருக்கும், முகத்தோற்றமும் மாறும். அவசரப்படாமல் குடும்பத்தோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு.

நம் ஊரில் இன்னொரு பயமும் பரவியிருக்கிறது. எத்துப்பல்லுக்காக நான்கு பல்லை எடுத்துக் கிளிப் போட்டதால்தான் குறட்டை வந்தது என்கிறார்கள். அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை இதை ஆராய்ந்து, அப்படிப் பல் எடுப்பது மூச்சடைப்பு நோயை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரமில்லை என்றது. ஏற்கெனவே கிளிப் போட்டவர்கள் கலங்க வேண்டாம். ஆனாலும், முகவாய் உள்வாங்கி, குறட்டையும் விடும் ஒருவர் முன்பற்களை உள்ளே தள்ளச் சொல்லி வந்தால் நான் கொஞ்சம் யோசிக்கிறேன். அவருடைய தூக்கத்தைப் பற்றி முதலில் கேட்கிறேன்.

பெண்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு குறட்டை கூடுவது சாதாரணம். நம் வீடுகளில் அதைச் சொல்லவே கூசுகிறார்கள். காலையில் தலைவலி, நாள் முழுக்கச் சோர்வு, சரியான தூக்கமில்லை என்று சொல்லி வைட்டமின் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்குக் குறட்டை இருக்கிறதா என்று பிள்ளைகள்தான் கவனித்து அழைத்து வர வேண்டும்.

மாத்திரைகளுக்கு அடங்காத ரத்த அழுத்தம் இருந்தாலோ, பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொருகினாலோ மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். இரவெல்லாம் ஜி.எஸ்.டி. சாலையில் வண்டி ஓட்டுபவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மருத்துவரைப் பார்க்கும் வரைக்கும் பக்கவாட்டில் படுங்கள். படுக்கும் முன் மதுவைத் தவிருங்கள். அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். டாக்டர் சொல்லாமல் தூக்க மாத்திரையும் வேண்டாம்.

முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரையோ நுரையீரல் மருத்துவரையோ பார்த்துத் தூக்கப் பரிசோதனைக்கு எழுதி வாங்குங்கள். அதன் பிறகு தாடை, பல் சார்ந்த ஆலோசனைக்குத் தனியாரிடம்தான் போக வேண்டும் என்பதில்லை. சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புத் துறையும் தாடை அறுவை சிகிச்சைத் துறையும் இருக்கின்றன. போகும்போது பரிசோதனை அறிக்கை, ஃபோன் பதிவு, நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அறையில் படுப்பவர் ஒருவரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அவர்தான் பதில் சொல்ல முடியும்.

வணக்கம்.