ரம்பத்தைச் சாய்த்துப் பிடித்த கிங்கரன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரம் நகராமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

தலைப்பு என்ன? 'சீனர்களின் மறுவுலகக் கதைகளுக்கு உயிர் கொடுப்பது தீர்ப்பா, பாசமா?' நான் பாசத்தின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் பத்து நரக அரசர்களையும் வரிசையாக நிறுத்திக் காட்டினார். செத்தவனுக்கு ஏழு நாளுக்கு ஒரு நீதிமன்றம் என்று 49 நாளில் ஏழு, அப்புறம் நூறாம் நாள், ஓராண்டு, மூன்றாம் ஆண்டு என்று இன்னும் மூன்று. எருமைத்தலைச் சேவகன், குதிரைமுகச் சேவகன், பேரேட்டைப் புரட்டும் கணக்கர் என்று ஒருவரையும் விடவில்லை. "அங்கே ஒரு எழுத்துகூடத் தப்பாது" என்று மேசையைத் தட்டியும் சொன்னார். அந்த ஏற்பாடெல்லாம் கதைகளில் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் கோர்ட்டுக் கட்டடத்தை வர்ணித்துவிட்டால் அது கதையாகிவிடுமா? அந்தக் கட்டடத்துக்குள் யார், யாருக்காக அழுதுகொண்டு ஓடி வருகிறார்கள் என்பதுதானே கதை.

ஒரு எழுத்துகூடத் தப்பாது என்றாரே, அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1592-இல் அச்சான 'மேற்குப் பயணம்' நாவலில் தாங் வம்சத்துப் பேரரசர் தைசோங் செத்து எமலோகம் போகிறார். பேரேட்டில் அவருடைய ஆயுள், அவர் ஆட்சியின் பதின்மூன்றாம் ஆண்டோடு முடிகிறது. அந்தப் பேரேட்டைப் பார்க்கிற நீதிபதி சூய் ஜுவே, உயிரோடிருந்த காலத்தில் அரசரின் அமைச்சர் வெய் ஜெங்குக்கு நண்பர். எங்கள் அரசரைப் பார்த்துக்கொள் என்று வெய் ஜெங் எழுதிய கடிதத்தை அரசர் கையோடு கொண்டுபோயிருக்கிறார். சீன எழுத்தில் ஒன்று என்றால் ஒரே ஒரு கோடு, மூன்று என்றால் மூன்று கோடு. பேரேட்டில் பதின்மூன்று 'ஒன்று, பத்து, மூன்று' என்று எழுதியிருந்தது; சூய் ஜுவே தூரிகையை எடுத்து முதலில் இருந்த அந்த ஒற்றைக் கோட்டோடு இரண்டு கோடு சேர்த்து இழுத்தார், 13 என்பது 33 ஆயிற்று, அரசருக்கு இருபது வருஷம் கூடிவிட்டது. எழுத்து தப்பவில்லை ஐயா, நட்புக்காகத் திருத்தப்பட்டது!

சரி, எமனையே எடுத்துக்கொள்வோம். நம்முடைய எமதர்மராஜன்தான் பௌத்தத்தோடு சீனாவுக்குப் போனார். யமராஜன் என்ற பெயர் அங்கே தேய்ந்து யென்லுவோ ஆயிற்று. நரகத்தின் பத்து நீதிமன்றங்களையும் விவரிக்கும் 'யூலி' என்று ஒரு நூல் உண்டு, புண்ணியம் கிடைக்கும் என்று அச்சடித்து இலவசமாகக் கொடுத்த நூல். மக்களைப் பயமுறுத்தவே எழுதியது, எதிரணிக்கு மிகவும் பிடித்த நூலாகத்தான் இருக்கும். அதில் யென்லுவோ ஐந்தாம் நீதிமன்றத்தில் இருக்கிறார். ஏன் ஐந்தாவது? முதலில் அவர் முதலாம் நீதிமன்றத்தில்தான் இருந்தார். அநியாயமாகச் செத்து வந்தவர்களைப் பார்த்து மனசு பொறுக்காமல், போ, போய் உன் நியாயத்தைக் கேள் என்று திரும்பத் திரும்ப உயிரோடு அனுப்பிவிட்டார். அதனால் ஐந்தாம் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள். பயமுறுத்த எழுதிய நூலிலேயே எமனுக்கு இரக்கத்தால் பதவி போகிறது என்றால், அந்தக் கதையைக் கட்டியவர்களின் மனசு எந்தப் பக்கம் இருந்தது என்று நடுவர் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து ஷி ஃபாங்பிங் கதை. பு சோங்லிங் எழுதிய 'லியாவ்சாய்' என்ற விசித்திரக் கதைத் தொகுதியில் வருவது. எதிரணியும் இதைத்தான் பெரிய ஆயுதமாக எடுத்தது, வழக்காடு கதை என்றது. வழக்காடு கதைதான். ஆனால் வழக்கு யாருடையது? அப்பாவுடையது. செத்துப்போன ஒரு பணக்காரன் பகையை மறக்காமல் எமலோகத்து அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுத்து ஃபாங்பிங்கின் அப்பாவை அடிக்கச் சொல்கிறான், அவர் உடம்பெல்லாம் சிவந்து வீங்கி அலறிச் சாகிறார். மகன் சோறு தண்ணீர் விட்டு உட்கார்ந்துவிடுகிறான், அவன் உயிர் உடம்பை விட்டு இறங்கி அப்பாவைத் தேடி நடக்கிறது. ஊருக்கு ஊர் இருக்கும் எமலோக அதிகாரியான நகர தேவதையிடம் மனு கொடுத்தான், அவர் லஞ்சம் வாங்கியவர். மாவட்ட அதிகாரியிடம் போனான், அவரும் அப்படியே. கடைசியில் எமலோக அரசனிடமே போனான். அரசனும் விலை போயிருந்தான். பிரம்படி, அப்புறம் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கட்டில், அதற்கும் மசியவில்லை என்றதும் இரண்டு பலகைக்கு நடுவே கட்டி உச்சந்தலையிலிருந்து ரம்பத்தால் அறுக்கச் சொல்கிறான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். ரம்பம் தலையைப் பிளந்து நெஞ்சுக்கு வருகிறது. அறுத்துக்கொண்டிருக்கிற கிங்கரர்களில் ஒருவன் மற்றவனிடம் சொல்கிறான், இவன் பெற்றவருக்காக வந்தவன், குற்றமில்லாதவன், ரம்பத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடி, இதயத்தில் பட வேண்டாம் என்று. ரம்பம் வளைந்து இறங்குகிறது. வலி இன்னும் கூடுகிறது, ஆனால் இதயம் முழுசாக இருக்கிறது. மறுபடி ஒட்டவைத்து நடக்கச் சொன்னபோது தையல் விட்டதுபோல உடம்பு பிரியப் பார்க்கிறது, அரை அடி வைத்ததும் விழுகிறான். இன்னொரு கிங்கரன் தன் இடுப்பிலிருந்த பட்டுக் கச்சையை அவிழ்த்து, உன் பாசத்துக்கு இது என் பரிசு என்று கொடுக்கிறான், கட்டிக்கொண்டதும் வலி நின்றுவிடுகிறது. தீர்ப்பு சொல்ல வேண்டிய நாற்காலிகள் எல்லாம் விலை போய்விட்டன நடுவர் அவர்களே, அந்த இடத்தில் விலை போகாமல் நின்றவர்கள் ரம்பம் இழுத்த இரண்டு கூலியாட்கள்தான். அவர்களை அப்படி நிற்க வைத்தது சட்டப்புத்தகமா? இந்தக் கதையின் மீதி ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதே தொகுதியின் முதல் கதை இன்னும் சின்னது, எனக்கு இன்னும் பிடித்தது. தன் அக்காள் கணவரின் தாத்தாவுக்கு நடந்தது என்றுதான் பு சோங்லிங் ஆரம்பிக்கிறார். சோங் தாவ் என்ற அந்த மனிதர் நோயில் படுத்திருக்கிறார், நெற்றி வெளுத்த குதிரை ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிகாரி ஒருவர் வந்து தேர்வு எழுதக் கூப்பிடுகிறார். போய் எழுதுகிறார், தேறியும்விடுகிறார். ஹெனான் மாகாணத்தில் ஒரு நகர தேவதைப் பதவி காலியாக இருக்கிறது, நீர் போம் என்கிறார்கள். அப்போதுதான் தான் செத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிகிறது. தரையில் விழுந்து அழுகிறார், அம்மாவுக்கு எழுபது வயசு, பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை, அவர் காலம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று. பேரேட்டைப் புரட்டுகிறார்கள், அம்மாவுக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கிறது. பக்கத்தில் தேர்வு எழுதிய ஜாங் என்பவரைத் தற்காலிகமாகப் போட்டுவிட்டு இவருக்கு ஒன்பது வருஷம் லீவு கொடுக்கிறார்கள்! வீட்டில் மூன்று நாளாகச் சவப்பெட்டிக்குள் கிடந்தவர் முனகும் சத்தத்தை அம்மாதான் முதலில் கேட்கிறார். ஒன்பது வருஷம் கழித்து அம்மாவை அடக்கம் செய்துவிட்டு, குளித்துவிட்டு வந்து இவரும் போய்விடுகிறார்.

இதை எழுதியவர் யார் என்பதையும் பாருங்கள். பு சோங்லிங் 1640-இல் பிறந்து 1715-இல் இறந்தவர். பத்தொன்பது வயதில் அரசுப் பதவிக்கான தேர்வின் முதல் படியைத் தாண்டியவர், அதற்கு மேல் மாகாணத் தேர்வை எழுதி எழுதித் தோற்றவர், ஊரார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியே காலத்தை ஓட்டியவர். பதவிக்காக அவ்வளவு ஏங்கிய மனிதர் தன் முதல் கதையில் ஒருவனைத் தேர்வில் ஜெயிக்க வைத்து, பதவியைக் கையில் கொடுத்து, அம்மா இருக்கிறாள், இப்போது வேண்டாம் என்று அழ வைக்கிறார். இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

எதிரணிச் சகோதரி மூலியன் கதையைச் சொல்லி, பெற்ற தாயானாலும் தண்டனை தண்டனைதான் என்றார். புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர்தான் சீனத்தில் மூலியன். சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்த இந்தக் கதைச் சுவடி ஒன்று 921-ஆம் ஆண்டு பிரதி எடுத்தது, அவ்வளவு பழசு. அம்மா பசிப்பேயாகக் கிடக்கிறாள். மகன் சோறு கொண்டுபோகிறான். இடது கையால் கிண்ணத்தை மறைத்துக்கொண்டு வலது கையால் அள்ளுகிறாள், வாய்க்கு வருமுன் சோறு நெருப்பாகிவிடுகிறது. சகோதரி இங்கேயே கதையை நிறுத்திவிட்டார். மகன் அங்கே நிற்கவில்லையே! புத்தரிடம் ஓடுகிறான், சீன நாட்காட்டியில் ஏழாம் மாதம் பதினைந்தாம் நாள் துறவிகளுக்கு உணவு படைக்கிறான், அவள் பசி தீர்ந்து, நாயாகப் பிறந்தபோதும் தேடிப்போய், மறுபடி மனுஷியாகும்வரை கூடவே வருகிறான். சீனர்கள் இந்தக் கதைக்காகக் கொண்டாடுவது தண்டனை தொடங்கிய நாளையா? அம்மாவுக்குச் சோறு கிடைத்த நாளை.

நான் மலேசியாவில் ஈப்போவில் வளர்ந்தவள். ஏழாம் மாதம் வந்தால் எங்கள் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி, நாங்கள் எல்லோரும் 'ஆ போ' என்று கூப்பிடுவோம், பொழுது சாய்ந்ததும் பழைய பிஸ்கட் தகரத்தை வாசலில் வைத்துக் காகிதக் காசு கொளுத்துவார். தாத்தாவுக்கு ஒரு காகிதச் சட்டை, அதில் அவர் பெயரை எழுதி, கழுத்துப் பட்டன் போட்டமாதிரி மடித்து வைப்பார். அது எரிந்து முடிந்ததும் சாலையோரமாகக் கொஞ்சம் தள்ளி இன்னொரு சின்னக் குவியல், ஒரு கைப்பிடிச் சோறு, மூன்று ஊதுவத்தி. அது யாருக்கு என்று கேட்டால், கும்பிட யாருமில்லாத ஆவிகளுக்கு என்பார். அவர்களைப் பேய் என்று சொல்லக்கூடாது, 'நல்ல சகோதரர்கள்' என்று சொல்ல வேண்டும் என்பார். அந்தச் சகோதரர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று ஆ போ விசாரித்ததே இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மறுபிறவிக்கு முன்னால் மெங் போ கிழவி கொடுக்கும் சூப்பைக் குடித்தால் எல்லாம் மறந்துவிடும், அங்கேயே பாசம் செத்துவிடுகிறது என்றார் எதிரணித் தலைவர். இனிப்பு, கசப்பு, காரம், புளிப்பு, உப்பு என்று ஐந்து சுவையும் சேர்ந்த மருந்து அது. மறக்கடிக்க இவ்வளவு பலமான மருந்து எதற்கு? எமலோகம் முழுக்கச் சுற்றி, ரம்பம் பார்த்து, நெருப்புக் கட்டில் பார்த்து வந்த பிறகும் ஓர் உயிருக்கு வீட்டு ஞாபகம் போகவில்லை என்பதால்தானே? நான் சொன்ன 'யூலி' நூலிலேயே ஐந்தாம் நீதிமன்றத்தில் ஊர் பார்க்கும் மேடை ஒன்று உண்டு. பாவிகளை அதில் ஏற்றி அவரவர் வீட்டைப் பார்க்க வைப்பார்கள். அங்கே வீட்டைப் பார்ப்பதே ஒரு தண்டனை. பாசம் இல்லாதவனை அந்த மேடையில் ஏற்றி என்ன பிரயோஜனம்?

மணி அடித்துவிட்டீர்கள், ஃபாங்பிங்கின் மீதிக் கதையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன். ரம்பத்துக்கும் மசியாதவனிடம் அரசன் கடைசியில் நயமாகப் பேசினான்: உன் அப்பா நல்ல இடத்தில் பிறந்துவிட்டார், உனக்கும் பெரிய சொத்து தருகிறேன், நூறு வயசு தருகிறேன், வீட்டுக்குப் போ என்றான். ஒரு வாசலுக்குள் தள்ளினார்கள். கண் விழித்துப் பார்த்தால் கைக்குழந்தையாகக் கிடக்கிறான். சொத்து இருக்கிறது, நூறு வருஷம் இருக்கிறது, மடியில் எடுத்துப் பால் கொடுக்கப் புதிதாக ஒரு தாய் இருக்கிறாள். அந்தக் குழந்தை ஆத்திரத்தில் அழுதது, பால் குடிக்கவே இல்லை. மூன்றாம் நாள் செத்து, அப்பாவுக்காக மறுபடியும் நடக்க ஆரம்பித்தது. அந்த நடைதான் அவனைக் கடைசியில் எர்லாங் என்ற தேவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது, அப்பாவுக்கு இன்னும் 36 வருஷ ஆயுளையும் வாங்கிக் கொடுத்தது. எதிரணி பெருமையாகச் சொன்ன அந்த நல்ல தீர்ப்பை எழுதியவர் எர்லாங்தான். அவர் வாசல்வரை வழக்கைச் சுமந்து வந்தது பால் குடிக்காத அந்த மூன்று நாள் குழந்தை, நடுவர் அவர்களே. வணக்கம்.