23 அடி ரோடு எங்கே போய் முட்டுகிறது?

(காட்சி: சென்னைக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரி அருகே மனைப்பிரிவு. மஞ்சள் பெயின்ட் அடித்த கற்கள், காற்றில் படபடக்கும் வண்ணக் கொடிகள்.)

"ஸ்டேஷன்ல இருந்து பத்தே நிமிஷம் சார்." மனை பார்க்கப் போனால் முதலில் காதில் விழுவது இதுதான். எந்த வண்டியில், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

சரி, உள்ளே நடப்போம். 23 அடி ரோடு நேராகப் போய் ஒரு காம்பவுண்டுச் சுவரில் முட்டி நிற்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் வேறொருவர் போட்ட மனைப்பிரிவு; அவருடைய ரோடும் இதே சுவரில் வந்து முட்டுகிறது. இரண்டுமே அப்ரூவல் வாங்கியவை, தனித்தனியே பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் பஸ் திரும்ப இடமில்லை, மழைத் தண்ணீர் வடிய வழியில்லை. சாக்கடைக்கு லாரி, குடிக்க கேன்.

(காட்சி: வரைபடத்தில் அடையாறும் ஏரிகளும்.)

தண்ணீருக்கு ஊராட்சி எல்லை தெரியாது. 2015 டிசம்பரில் மேலே ஏரிகள் நிரம்பி, அடையாறு கரை தாண்டி, தாம்பரம் பக்கத்து முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. ஓர் ஊர் தனியாகத் திட்டம் போட்டு இதைத் தடுக்க முடியாது.

சென்னைப் பெருநகரத்துக்குத் திட்டம் போடுவது சிஎம்டிஏ என்கிற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். அதன் எல்லை பல ஆண்டுகளாக 1,189 சதுர கிலோமீட்டர். கூடுவாஞ்சேரி அதற்கு வெளியே. 2022இல் 5,904 ஆக விரித்தார்கள். அதற்குள் கொடி நட்டு விற்றுத் தீர்ந்த நிலம் எவ்வளவோ!

எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதுமா? முடிச்சூர் பழைய எல்லைக்குள்தான் இருந்தது. கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பரில் திறந்தபோது, பக்கத்திலேயே ஓடும் ரயில் நிற்க அங்கே ஒரு ஸ்டேஷன் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜிஎஸ்டி ரோடு என்னும் நெடுஞ்சாலையைக் கடந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

(காட்சி: வயல்களின் கோணல் எல்லைகள் மெல்ல நேராகின்றன.)

அகமதாபாத்தில் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதியின் நிலம் முழுவதையும் காகிதத்தில் ஒன்றாகச் சேர்ப்பார்கள். ரோடு, பூங்கா, பள்ளிக்கு ஒதுக்கியது போக, மிச்சத்தைச் சீரான மனைகளாக்கி அதே உரிமையாளர்களிடம் திருப்பித் தருவார்கள். இடம் குறையும்; ரோடு வருவதால் மதிப்பு கூடும். அங்கே சுற்றுச்சாலைக்கான நிலத்தில் பெரும்பகுதி இப்படித்தான் கிடைத்தது.

ஆனால் இதை வயலாக இருக்கும்போதே செய்துவிட வேண்டும். வீடு கட்டிக் குடிவந்த பிறகு, அரை கிரவுண்டில் எதை வெட்டி ரோட்டுக்குக் கொடுப்பது?