பாரதியின் கடிதங்களில் பேசும் ஏவல் வினை

அவையோருக்கு வணக்கம். பாரதியின் பாட்டைப் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். நான் அவருடைய கடிதங்களோடு நின்றுகொள்கிறேன். அவற்றில் பாசத்தைப் பாசம் என்று பெயர் சொல்லி எழுதிய இடங்களைவிட, 'இதைச் செய்', 'அதைச் செய்யாதே' என்று ஏவல் வினையில் கட்டளையிடும் இடங்களில்தான் அவர் மனம் எனக்குத் தெரிகிறது.

1901இல் காசியிலிருந்து செல்லம்மாளுக்கு எழுதுகிறார். அந்த அம்மையார் அப்போது சிறுமி. கணவர் போகும் வழியை எண்ணிப் பயந்து எழுதியதற்கு இது பதில். 'எனதருமைக் காதலி செல்லம்மாளுக்கு ஆசீர்வாதம்' என்று தொடங்குகிறார். இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர், காதலராகவும் குடும்பத் தலைவராகவும் ஒரே வரிக்குள் நெருக்கியடித்து நிற்கிறார்! கவலை வரும் நேரங்களில் தமிழை நன்றாகப் படித்துவந்தால் சந்தோஷப்படுவேன் என்கிறார். கலங்கிய பெண்ணுக்கு இது ஆறுதலா என்பது எனக்குச் சந்தேகம்தான். அவருக்கோ, தம்மிடம் இருந்ததிலேயே உயர்ந்ததை எடுத்துக் கொடுத்த நினைப்பு.

1915இல் புதுச்சேரியிலிருந்து தம் இளைய நண்பர் பரலி சு. நெல்லையப்பருக்கு எழுதிய கடிதத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும். ஏறு, பற, மேலே மேலே என்று சொற்கள் அடுக்கி வருகின்றன. தமிழ்நாடு வாழ்க என்றெழுது, நோய்கள் தீர்க என்றெழுது என்று கட்டளைக்குள் வாழ்த்து, வாழ்த்துக்குள் கட்டளை. நடுவில் திடீரென்று, 'தம்பி, நான் ஏது செய்வேனடா!' அதுவரை ஆணையிட்டுக்கொண்டிருந்தவர் அங்கே தவித்துப்போகிறார். தமிழைவிட வேறொரு மொழி சுகமாக இருப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறதாம். வாதமாகப் பார்த்தால் இது நிற்காது. குழந்தையின் பிடிவாதம் போன்றது. ஆனால் அந்த 'அடா' இருக்கிறதே, அது இளையவரின் தோளில் கை போட்டுவிடுகிறது. வாதாட யாருக்கு மனம் வரும்?

தம்பி விசுவநாதனுக்கு 1918இல் எழுதும்போது தடையே விதிக்கிறார்: இனிமேல் எனக்கு இங்கிலீஷில் காயிதம் எழுதாதே. கொச்சைத் தமிழானாலும் படிக்க ஆவலாக இருப்பாராம். அதுவும் முடியாவிட்டால் சமஸ்கிருதத்தில் எழுதலாமாம்.

அதே ஆண்டு நவம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து, கவர்னர் பென்ட்லண்டு பிரபுவுக்கு விடுதலை கேட்டு அவரே இங்கிலீஷில் விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தது. அரசியலைத் துறந்துவிட்டேன், அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதி கூறும் விண்ணப்பம். ஏவல் வினைக்கு அங்கே என்ன வேலை? அதைக் கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அளந்து அளந்து வைத்த சொற்கள் அவை. அந்த அடக்கத்தின் விலை அவருக்குத்தான் தெரியும்.

மறு ஆண்டே எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி, அதாவது செய்யுளாக எழுதிய கடிதம், போகிறது. இதுவும் உதவி கேட்கும் ஓலைதான். ஆனால் தமிழில். கவியரசர் தமிழ்நாட்டுக்கு இல்லை என்ற வசை 'என்னால் கழிந்தது' என்று அரசரிடமே சொல்லிவிட்டுத்தான் கேட்கிறார்.