சீனம் படிக்க என்னிடம் இருக்கும் காரணம்

வணக்கம் நேயர்களே.

சீன மொழியை எதற்காகப் படிக்க வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். சென்னையில் மாலை நேரங்களில் இந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். சேர வருகிறவர்களோ, கூட வருகிற அப்பா அம்மாவோ முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதைப் படிச்சா வேலை கிடைக்குமா சார்?" அதை முதலில் முடித்துவிடலாம்.

கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி தயாரிக்கிற ஃபாக்ஸ்கான் ஒரு தைவான் நிறுவனம். செய்யாறு சிப்காட்டில் ஷூ தைக்கிற பெரிய ஆலையும் தைவான் முதலீட்டில் வந்ததுதான். இயந்திரத்தை நிறுவ வருகிற பொறியாளரும், லைனில் நிற்கிற நம் ஊர்ப் பெண்ணும் பேசிக்கொள்ள நடுவில் ஒருவர் வேண்டும். திருப்பூரிலும் சிவகாசியிலும் சீனாவிலிருந்து இயந்திரம் வாங்குகிறவர்களுக்கும் இதே தேவை உண்டு. சரி, வேலை விஷயம் இவ்வளவுதான்.

வேலையை மட்டும் நினைத்துச் சேர்கிறவர்கள் பலர், எழுத்துகள் பெருகப் பெருக நடுவில் நின்றுவிடுகிறார்கள். நிலைத்துப் படிக்கிறவர்களுக்கு வேறு ஏதோ ஒரு பிடிப்பு இருக்கிறது. ஒருவருக்கு அது சமையல், இன்னொருவருக்கு குங்ஃபூ, எனக்கு வரலாறு. நம்முடைய வரலாற்றில் ஒரு பெரிய துண்டு சீன எழுத்தில் கிடக்கிறது. அதை நேராகப் படிக்கத் தெரிந்த தமிழர்கள் மிகக் குறைவு. நான் சீனம் படி என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 1015-ஆம் ஆண்டு ஒரு சோழத் தூதுக்குழு சீனாவின் சோங் வம்சப் பேரரசருடைய அவைக்குப் போய்ச் சேர்ந்தது. அனுப்பியவர் ராஜராஜ சோழர். குழு போய்ச் சேர்வதற்குள் அவர் காலமாகிவிட்டார், ராஜேந்திரன் அரியணையில் இருந்தார். சொந்த நாட்டிலிருந்து கிளம்பி குவாங்சோ துறைமுகத்தை அடைய 1,150 நாள் ஆனது என்று சோங் வரலாற்று நூல் எழுதி வைத்திருக்கிறது. முத்தும் யானைத் தந்தமும் குங்கிலியமும் கொண்டுபோனார்கள். நம் பக்கத்தில் ராஜேந்திரனுடைய வெற்றிகளைக் கல்வெட்டில் பாடும் மெய்க்கீர்த்தியைப் பாருங்கள். இன்றைய மலேசியாவில் உள்ள கடாரம் உண்டு, சுமத்ராவின் ஸ்ரீவிஜயம் உண்டு. சீனம் இல்லை. சீனர்கள் எழுதி வைக்காவிட்டால் இந்தப் பயணம் நடந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது, எனக்குப் பிடித்ததே அந்தச் சிக்கல்தான். 1025-இல் ராஜேந்திரன் கப்பற்படையை அனுப்பி ஸ்ரீவிஜயத்தை வென்றார், அதன் அரசனைச் சிறைபிடித்தார் என்பது நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். ஆனால் 1106-ஆம் ஆண்டுச் சீன அரசவைக் குறிப்பு ஒன்று நேர்மாறாகப் பேசுகிறது. பர்மாவின் பாகான் நாட்டிலிருந்து தூதர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களைச் சோழத் தூதர்களைப் போலவே நடத்தச் சொல்கிறார் பேரரசர். சடங்கு அமைச்சகம் மறுக்கிறது. சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு, அதனால்தான் முன்பு அதற்குக் கொஞ்சம் மட்டமான தாளில் ஓலை அனுப்பினோம், பாகானோ பெரிய ராஜ்ஜியம், அதற்கு இன்னும் உயர்ந்த தாள் வேண்டும் என்கிறது. பேரரசரும் ஒப்புக்கொள்கிறார்.

யோசித்துப் பாருங்கள். சோழநாட்டிலிருந்து போய் ஸ்ரீவிஜயத்தை அடித்தவர்களைச் சீன அரசவை ஸ்ரீவிஜயத்துக்குக் கப்பம் கட்டுகிறவர்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது!

அது எப்படி? கடல் வழியைக் கையில் வைத்திருந்த ஸ்ரீவிஜயத்துக்காரர்கள், சோழ வணிகர்கள் சீனச் சந்தைக்குள் நேராக நுழைந்துவிடக் கூடாது என்று திட்டமிட்டுத் தவறான செய்தி கொடுத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். இன்னொரு முடிச்சும் உண்டு. 1077-இல் தூது அனுப்பிய சோழ அரசரின் பெயராகச் சீன நூல் ஒரு பெயரைத் தருகிறது. குவாங்சோவில் ஒரு தாவோ சமயக் கோயிலைப் புதுப்பிக்கப் பணம் கொடுத்த ஸ்ரீவிஜயத் தலைவரின் பெயரும், அந்தக் கோயிலின் 1079-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, கிட்டத்தட்ட அதேதான். அவர் முதலாம் குலோத்துங்கனா, ஸ்ரீவிஜய அரசனா, அல்லது ஒரே பெயரில் இரண்டு பேரா? அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இந்த விவாதத்தில் யார் யார் பேசுகிறார்கள் என்று கவனித்தால் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். சோழர் வரலாற்றை எழுதிய நீலகண்ட சாஸ்திரி போன்ற பெரியவர் சீனக் குறிப்புகளின் அருமையை நன்றாக அறிந்திருந்தார், ஆனால் ஐரோப்பிய அறிஞர்களின் மொழிபெயர்ப்புகள் வழியாகத்தான் அவற்றை அணுக முடிந்தது. ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா தமிழகத்துக்கு வந்து கல்வெட்டுத் தமிழைக் கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் தன்சேன் சென் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து தென்னிந்தியா பற்றிய சீனக் குறிப்புகளை மொழிபெயர்த்தும் வெளியிட்டார். தமிழ்க் கல்வெட்டு ஒரு கையிலும் சீன ஏடு இன்னொரு கையிலுமாக உட்கார, நம் பிள்ளைகளில் நாலு பேர் கிளம்ப மாட்டார்களா என்பதுதான் என் ஏக்கம்.

யுவான் சுவாங் காஞ்சிபுரத்தைப் பற்றி எழுதியது ஏழாம் நூற்றாண்டில். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள், பத்தாயிரம் துறவிகள் என்று கணக்குச் சொல்கிறார். 1349-இல் வாங் தாயுவான் என்ற பயணி ஒரு கடற்கரையில் செங்கல் கோபுரம் இருந்ததையும், அதில் 1267-ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன வாசகம் இருந்ததையும் எழுதுகிறார். அது நாகப்பட்டினம் என்பது ஆய்வாளர் பலருடைய முடிவு. பதினைந்தாம் நூற்றாண்டுச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவுடன் வந்த மொழிபெயர்ப்பாளர் மா ஹுவான், கொச்சியில் இருந்த செட்டிகளைப் பணக்கார வணிகர்கள் என்று குறிக்கிறார். கோழிக்கோட்டுக்காரர்கள் மணி கோத்த கணக்குச் சட்டம் இல்லாமல் கைவிரல், கால்விரல்களை வைத்தே கணக்குப் போடுகிறார்கள், ஒரு பிசகும் வருவதில்லை என்று வியக்கிறார். கால்விரலையும் சேர்த்து எண்ணினார்கள் என்று நம் ஆட்கள் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

இதே செங் ஹோ கொண்டுவந்த ஒரு கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1911-இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. 1409-ஆம் ஆண்டுத் தேதி. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் காணிக்கை வாங்குகிற சாமி வேறு. சீனப் பகுதியில் புத்தர், தமிழ்ப் பகுதியில் தெனவரை நாயனார் என்ற இந்துக் கடவுள், பாரசீகப் பகுதியில் அல்லா. ஒரு பகுதியை மட்டும் படித்துவிட்டுப் போகிறவர், சீனப் பேரரசர் என் சாமிக்குத்தான் அள்ளிக் கொடுத்தார் என்று நம்பிக்கொண்டு போவார்.

"எல்லையில் சண்டைக்கு நிற்கிறார்கள், அவர்கள் மொழி நமக்கு எதற்கு?" என்றும் கேட்கிறார்கள். கல்வான் மோதல் நடந்த 2020-ஆம் ஆண்டு வந்த தேசியக் கல்விக் கொள்கையைப் பாருங்கள். முந்தைய ஆண்டின் வரைவில் எடுத்துக்காட்டாகச் சொன்ன வெளிநாட்டு மொழிகளில் சீனமும் இருந்தது. இறுதி வடிவில் கொரியன், ஜப்பான், தாய், பிரெஞ்சு எல்லாம் இருக்கின்றன, சீனம் இல்லை. தடை ஒன்றும் போடவில்லைதான். ஆனாலும் எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. சண்டைக்காரன் என்ன பேசுகிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1962-இல் போர். 1963 ஆகஸ்டில் பீக்கிங் வானொலி தமிழில் ஒலிபரப்பத் தொடங்கிவிட்டது. சீனர்கள் தமிழ் கற்று, தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு, சிற்றலையில் நமக்குச் செய்தி வாசித்தார்கள். இந்த நிகழ்ச்சியைக் கேட்கிற பெரியவர்களில் சிலர் அவர்களுக்குக் கடிதம்கூடப் போட்டிருப்பீர்கள். அங்கே பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தில் இப்போது தமிழ் சொல்லித் தருகிறார்கள். பதிலுக்கு நாம் செய்வது போதாது.

அப்புறம் கைப்பேசிச் செயலி. அது மொழிபெயர்த்துவிடுமே என்கிறார்கள். ஓட்டலில் சாப்பாடு சொல்லவும் இயந்திரத்தின் மேல் ஒட்டிய எச்சரிக்கையைப் படிக்கவும் அது போதும். பழைய ஏடு வேறு கதை. நிறுத்தக்குறி கிடையாது, அயல்நாட்டுப் பெயர்களை ஒலிக்காக எழுதியிருப்பார்கள். செயலி பல நேரம் பெயரைப் பெயர் என்று தெரியாமல் அர்த்தம் பிரித்துக் கொடுத்துவிடும். அது தப்பு என்று சொல்லவும் மொழி தெரிந்த ஒருவர் வேண்டும்.

கஷ்டமான மொழியா? எழுத்து கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். அன்றாடப் புழக்கத்துக்குச் சீன அரசு வகுத்த பட்டியலில் 3,500 எழுத்துகள் இருக்கின்றன. கையால் எழுதி எழுதித்தான் மனதில் நிற்கும். தொனி நான்கு, ஒரே அசையை ஏற்றி இறக்கிச் சொல்வதில் பொருள் மாறிவிடும். நம் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய தொல்லை மூச்சு. ப என்பதை மூச்சு விட்டும் விடாமலும் சொன்னால் அங்கே இரண்டு வேறு ஒலி. வாய்க்கு முன்னால் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு பழக வேண்டும்.

ஆனால் இலக்கணத்தில் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. வினை கடைசியில் வராமல் நடுவில் வரும், அது நமக்குப் புதிதுதான். 'நேற்று வந்த பையன்' என்று நாம் சொல்கிற வரிசையிலேயே அவர்களும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் இது திரும்பிப்போகும். 'வந்தாயா' என்று நாம் கடைசியில் ஆகாரம் சேர்த்துக் கேள்வியாக்குகிறோம், அவர்கள் வாக்கியத்தின் கடைசியில் 'மா' சேர்க்கிறார்கள். வந்தான், வந்தாள், வந்தது என்ற விகுதிகள் எதுவும் கிடையாது. நாக்கை மடித்து ழகரம் சொல்லத் தெரிந்தவருக்கு, பெய்ஜிங்காரர்களின் ஒரு கடினமான ஒலி பாதி வந்த மாதிரி. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருப்பதால் நம் மாணவர்கள் சீன வாக்கியத்தை முதலில் ஆங்கிலமாகக் குலைத்து, பிறகு தமிழாக அடுக்குகிறார்கள். என் வகுப்பில் அதை நான் விடுவதில்லை. நேராகத் தமிழில் நினைத்துச் சொல் என்பேன், பாதி வேலை குறையும்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. எந்த எழுத்து என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சீனாவில் எளிமையாக்கிய எழுத்து, தைவானில் பழைய எழுத்து. செய்யாறு ஆலைக்குப் போகிறவருக்கும் சோழ வரலாற்றைத் தேடுகிறவருக்கும் பழைய எழுத்துதான் உதவும். மருத்துவம் படிக்கச் சீனா போகிறவருக்கு மற்றது. முதல் சில வாரம் எழுத்தையே தொட வேண்டாம், ரோமன் எழுத்தில் இருக்கிற பின்யினை வைத்துக் காதையும் வாயையும் மட்டும் பழக்குங்கள். அப்புறம் நாலு கோடு போட்ட நோட்டு வேண்டாம், கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்குங்கள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து.

வாய்ப்புக் கொடுத்த நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.