தூசி தானாக வந்தது, துடைத்தது அவர்

நேயர்களுக்கு வணக்கம். நவீன ஓவியத்தைப் பார்த்து, “பெயிண்டைக் கொட்டினால் போதுமே, இதை நானே செய்வேனே!” என்று சொல்லாதவர்கள் குறைவு. கொட்டலாம். கொட்டிய பிறகு எதை விடுவது, எதைத் துடைப்பது? வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்பை எடுத்துக்கொள்வோம். 1915 முதல் 1923 வரை நியூயார்க்கில் இரண்டு பெரிய கண்ணாடிகளில் ஒரு படைப்பைச் செய்தார். ‘பெரிய கண்ணாடி’ என்றுதான் அதைச் சொல்வார்கள். ஓவியத் துணி கிடையாது. ஈயக் கம்பி, ஈயத் தகடு, எண்ணெய் வண்ணம், அப்புறம் தூசி. ஆமாம், தூசிதான்! கண்ணாடியைப் படுக்கப்போட்டு மாதக்கணக்கில் தூசி படியவிட்டார். வேண்டிய இடத்தில் மட்டும் வார்னிஷால் ஒட்டவைத்தார், மற்றதைத் துடைத்துவிட்டார். தூசி தானாக வந்தது, துடைத்தது அவர். இதை மட்டும் மனதில் வையுங்கள்.

இன்னும் இருக்கிறது. புரூக்ளின் கண்காட்சி முடிந்து லாரியில் திரும்பும்போது, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்த இரண்டு கண்ணாடிகளும் குலுங்கி உடைந்தன. பெட்டியைத் திறந்து பார்க்கவே சில வருடங்கள் ஆகிவிட்டன. நாமாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்போம். துஷாம்ப் 1936இல் பொறுமையாகத் துண்டுகளைச் சேர்த்து, வேறு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்து இறுக்கினார். விரிசலை மறைக்கவில்லை, அதோடுதான் பிடித்திருக்கிறது என்றார். ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுக்கியபடியே உடைந்ததால், மேலும் கீழும் விரிசல்கள் ஒரே வாட்டத்தில் வளைந்து ஓடுகின்றன. திட்டம் போட்டு வரைந்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது என்பது என் கட்சி.

1953இல் அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் ரௌஷன்பெர்க் இருபது தாள்களை ஒட்டித் தெருவில் விரித்து, டயருக்கு முன்னால் பெயிண்டை ஊற்றினார். கார் ஓட்டியவர் இசையமைப்பாளர் ஜான் கேஜ். டயர் தடம்தான் படம். இங்கேயும் அதே கதைதான்: தடம் டயருடையது, நேராக ஓட்டச் சொன்னது ரௌஷன்பெர்க். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலாக்கும் கடையில் விற்கிற எனாமல் பெயிண்டைத் தரையில் விரித்த துணியில் சொட்டவிட்டவர்தான். ஆனால் தன் படத்தில் தற்செயல் என்று எதுவும் இல்லை என்று அவர் அடித்துச் சொன்னார்!

நேரம் ஆகிவிட்டதாகச் சைகை காட்டுகிறார்கள். சாக்கைத் தைத்தும் பிளாஸ்டிக்கை எரித்தும் படம் செய்த இத்தாலியக் கலைஞர் அல்பெர்த்தோ புர்ரியை விட்டுவிடுகிறேன். சிற்பி ஈவா ஹெஸ்ஸெ பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ரப்பர் பாலில் அவர் செய்த சிற்பங்கள் இப்போது நிறம் மாறி, இறுகி, நொறுங்குகின்றன. நிலைக்காது என்று தெரிந்தேதான் செய்தார். 1970இல், 34 வயதில் இறந்துவிட்டார். எதை விடுவது, எதைச் சரிசெய்வது என்று இப்போது அருங்காட்சியகங்கள்தான் முடிவு செய்யவேண்டும். வணக்கம்.